முழு வட்டத்தை விடுங்கள்: கையால் மெல்லிய செக்‌ஷன் எடுப்பது பற்றி

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆமணக்குத் தண்டிலும் அரளி இலையிலும் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்காகப் பிளேடால் மெல்லிய சீவல், அதாவது செக்‌ஷன் எடுக்கிறீர்கள். 10 மடங்கு லென்ஸில் ஏதோ தெரிகிறது, 40-க்குப் போனால் எல்லாம் கலங்கிப் போகிறது. நடுநடுவே கருப்புத் திட்டுகள். சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் போட்டால் முழுவதும் ஒரே சிவப்பு. சீவல் வெட்டும் கருவியான மைக்ரோடோம் இல்லாமல் இது சரியாக வருமா, இல்லை மெழுகில் பதித்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கையாலேயே வரும். தண்டு, வேர், இலை, காம்பு ஆகியவற்றின் அமைப்பைப் பார்க்க மெழுகு தேவையே இல்லை. மெழுகு தேவைப்படும் இடங்கள் வேறு, அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றுகூட உங்கள் கை நடுக்கத்தால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முதல் குறை முழு வட்டமாக வெட்ட முயல்வதால் வருவது. இரண்டாவது காற்று. மூன்றாவது, சாயத்தைக் கழுவி இறக்காமல் விட்டது.

முதலில் எவ்வளவு மெல்லியதாக வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இளம் தண்டில் ஒரு பாரன்கைமா செல்லின், அதாவது மெல்லிய சுவருள்ள சாதாரணச் செல்லின், குறுக்களவு பெரும்பாலும் 30 முதல் 60 மைக்ரான் வரை இருக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நாம் அச்சடிக்கப் பயன்படுத்தும் தாளின் கனம் ஏறத்தாழ 100 மைக்ரான். அந்தக் கனத்துக்குச் சீவினால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். 40 மடங்கு லென்ஸ் ஒரு நேரத்தில் தெளிவாகக் காட்டுவது ஏறத்தாழ ஒரு மைக்ரான் ஆழத்தைத்தான். மேலும் கீழும் உள்ள மற்றதெல்லாம் கலங்கலாக அந்தப் படத்தின் மேலேயே விழுகிறது. ஆக, 20 முதல் 30 மைக்ரானுக்கு வந்துவிட்டால் போதும். ஒரு செல்லின் ஆழத்துக்குள் வந்துவிடுவீர்கள், கலங்கல் விலகிவிடும்.

கைக்கு அது சாத்தியமா என்ற சந்தேகம் வேண்டாம். 1665-ல் ராபர்ட் ஹூக் பேனாக்கத்தியால் தக்கையைச் சீவிப் பார்த்துத்தான் அந்தச் சிறு அறைகளுக்கு செல் என்று பெயர் வைத்தார். 1674-ல் டச்சு மைக்ரோஸ்கோப் முன்னோடி லேவன்ஹூக் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தோடு தக்கையிலும் எல்டர் மரத்தண்டின் நடுவே உள்ள மென்மையான நெட்டியிலும் எடுத்த சீவல்களைச் சின்னப் பொட்டலங்களில் வைத்து அனுப்பினார். 1981-ல் ஆய்வாளர் பிரையன் ஃபோர்டு அவற்றை ஆவணங்களுக்கு நடுவே கண்டெடுத்தார். முந்நூறு ஆண்டு கழித்தும் அவை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிற அளவுக்கு நேர்த்தியாக இருந்தன. லேவன்ஹூக்கிடம் மைக்ரோடோம் கிடையாது. கூரான சவரக்கத்தியும் பழகிய கையும்தான்.

சரி, வெட்டுவதற்கு வருவோம். தாவரத் திசுவை வெட்டும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கத்தி பட்டதும் செல் சுவர் நசுங்காமல் அறுபட வேண்டுமென்றால், அதைப் பின்னாலிருந்து ஏதாவது ஒன்று தாங்க வேண்டும். உயிருள்ள செல்லில் அந்தத் தாங்கல் உள்ளே இருக்கும் தண்ணீர். முதிர்ந்த செல்லின் பெரும்பகுதி வாக்குவோல் என்ற நீர்ப்பைதான், அது நிறைந்து சுவரை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கும் வரைதான் திசு விறைப்பாக இருக்கும். காலையில் பறித்து மேசையில் கிடந்த தண்டை மதியம் வெட்டினால், என்ன பிளேடு போட்டாலும் நசுங்கும். அதனால் பறித்தவுடன் தண்ணீரில் போடுங்கள். வாடியிருந்தால் ஒரு மணி, இரண்டு மணி நேரம் தண்ணீரில் நிற்க வைத்து, விறைத்த பிறகு எடுங்கள்.

எந்த இடத்தை வெட்டுவது என்பதும் முக்கியம். நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது கணுவிடைப் பகுதி நல்லது. அதற்கு மேலே இருப்பது மிகவும் இளசு, சரிந்துவிடும். கீழே போகப் போகக் கட்டை ஏறியிருக்கும், பிளேடு வளையும். ஒரு பென்சிலைவிட மெல்லிய தண்டாக, விரல் நுனியளவு நீளத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டால் பிடிக்க வசதி. ஆமணக்கில் கணுவிடை சில சமயம் உள்ளே குழலாக இருக்கும். அப்படி இருந்தால் கால் பாகமாகப் பிளந்து, ஒரு பாகத்தை மட்டும் தாங்கலாகப் பிளந்த நெட்டித் துண்டுக்குள் வைத்து வெட்டுங்கள்.

பிளேடு புதியதாக இருக்கட்டும். முகம் மழிக்கும் இருமுனை பிளேடுதான் மென்மையான திசுவுக்கு நல்லது. பிடிக்கிற பக்கத்து முனையில் கனமான டேப் ஒட்டிவிடுங்கள், அப்புறம் விரலைப் பற்றிய கவலை இல்லாமல் வேலை செய்யலாம். பிளேடின் ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு முறை வெட்டினால் அந்த இடம் மழுங்கிவிடும், கொஞ்சம் தள்ளி அடுத்த இடத்தைப் பயன்படுத்துங்கள். தண்டு கெட்டியாக இருந்தால் கனமான ஒருமுனை பிளேடு எடுங்கள். மெல்லிய பிளேடு உள்ளே போகும்போது வளைந்து, தானாகவே மேலேறி வந்துவிடும்.

பிடிக்கும் விதம் இப்படி: தண்டை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் செங்குத்தாகப் பிடியுங்கள். கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம் கீழே இருக்கட்டும், பிளேடு தவறினாலும் அதன் வழியில் கட்டைவிரல் வராது. பிளேடைப் படுக்கையாக ஆள்காட்டி விரலின் மேல் வைத்தால் அதுவே மேடை. இரண்டு மேற்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிளேடும் தண்டின் மேல்முகமும் நன்றாக நனைந்திருக்க வேண்டும். முதல் வெட்டு மேல்முகத்தைச் சமப்படுத்த மட்டும். அதற்குப் பிறகு பிளேடைத் தள்ளாமல், உங்களை நோக்கிச் சாய்வாக ஒரே இழுப்பில் இழுங்கள். முன்னும் பின்னும் அறுக்கக் கூடாது. அழுத்தினால் சுவர் அறுபடும் முன்பே செல் நசுங்குகிறது. இழுக்கும்போது கூர்முனை சுவரின் குறுக்கே ஓடிச் சிறு விசையிலேயே அறுத்துவிடுகிறது. நனைந்த பிளேடில் சீவல் வழுக்கி ஏறி மிதக்கும். காய்ந்த பிளேடில் அது ஒட்டிச் சுருண்டு, அடுத்த இழுப்பில் கிழிந்துவிடும்.

நின்று நின்று ஒவ்வொன்றையும் பார்க்காதீர்கள். இருபது, இருபத்தைந்து சீவல்களை விறுவிறுவென்று வெட்டித் தண்ணீர் உள்ள வாட்ச் கிளாஸில், அதாவது குழிந்த சிறு கண்ணாடித் தட்டில், கழுவிவிடுங்கள். தரம் பார்ப்பது அப்புறம்.

இப்போது நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது. எல்லாரும் தண்டின் முழு வட்டமும் ஒரே கனத்தில், ஓட்டை இல்லாமல் வர வேண்டும் என்று பார்க்கிறார்கள். அதற்காகப் பிளேடைச் சற்றுத் தடிமனாகவே உள்ளே விடுகிறார்கள். விளைவு, முழு வட்டம் கிடைக்கிறது, ஆனால் எங்கும் ஒன்றும் தெரிவதில்லை. முழு வட்டத்தை விடுங்கள். தண்டின் அமைப்பு மையத்தைச் சுற்றித் திரும்பத் திரும்ப வருவது. கால் வட்டத்திலேயே புறத்தோல், தாங்குதிசுவான கோலன்கைமா, புறணியான கார்டெக்ஸ், நீரும் உணவும் கடத்தும் ஒரு வாஸ்குலர் கற்றை, நடுவில் பித் எனப்படும் நெட்டி என்று எல்லாமே இருக்கிறது. பிளேடை வேண்டுமென்றே மிக மிக மேலோட்டமாக விட்டுப் பாருங்கள். அது பாதி வழியில் திசுவை விட்டு வெளியே வந்துவிடும். அப்படி வந்த பிறை வடிவச் சீவலின் ஒரு பக்கம் தடிப்பாக இருக்கும், மறுபக்கம் ஒன்றுமில்லாமல் தேய்ந்திருக்கும். தேய்ந்து முடிகிற அந்த ஓரத்துக்குச் சற்று உள்ளே, எங்காவது ஓரிடத்தில், ஒரே செல் ஆழம் கண்டிப்பாக இருக்கும். ஆய்வுக்கு நான் எடுத்த படங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட ஓரங்களிலிருந்து வந்தவைதான். ஒன்றிரண்டு தடித்த முழு வட்டங்களையும் தனியாக எடுத்து வையுங்கள். 4 மடங்கு லென்ஸில் எது எங்கே இருக்கிறது என்று பார்க்க அவை வரைபடம் போல உதவும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. சீவல் ஆப்பு போல ஒரு பக்கம் மெலிந்திருக்கலாம், ஆனால் வெட்டும் தளம் தண்டின் அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 டிகிரி சாய்ந்து, 30 மைக்ரான் கனத்தில் வெட்டினால், செல் சுவரின் மேல்முனையும் கீழ்முனையும் பக்கவாட்டில் ஏறத்தாழ 5 மைக்ரான் விலகியிருக்கும். ஒன்றிரண்டு மைக்ரான் கனமுள்ள சுவர் மேலிருந்து பார்க்கும்போது ஆறேழு மைக்ரான் பட்டையாகத் தெரியும். ஃபோகஸைத் திருப்பும்போது சுவர்கள் எல்லாம் ஒரே திசையில் நகர்வது போலத் தோன்றினால், அது சாய்வு வெட்டு. ஃபோகஸ் எத்தனை முறை திருகினாலும் சரியாகாது, தண்டின் மேல்முகத்தை மறுபடி சமப்படுத்தி வெட்டுவதுதான் வழி.

வாட்ச் கிளாஸை ஒரு கருப்புத் தாள் மேல் வைத்துப் பாருங்கள். பச்சையாக, வட்டமாக, தண்ணீரின் அடியில் உட்கார்ந்திருப்பவை உங்கள் கண்ணை முதலில் இழுக்கும். அவை வேண்டாம். வாட்ச் கிளாஸை லேசாக அசைத்தால் தண்ணீரோடு சேர்ந்து துணி போல நெளியும் ஒன்றிரண்டு இருக்கும். வெளிச்சத்தில் பார்த்தால் இருப்பதே தெரியாது, ஓரம் மட்டும் மினுங்கும். அவைதான் வேண்டும். இருபதில் இரண்டு கிடைத்தால் நல்ல வேலை. அவற்றை நுண்ணிய பிரஷ்ஷால்தான் எடுக்க வேண்டும். ஃபோர்செப்ஸால் பிடித்தால் பிடித்த இடம் மடிந்து, அந்த மடிப்பு ஸ்லைடிலும் அப்படியே நிற்கும்.

இலைக்குத் தனியாகத் தாங்கல் வேண்டும், அதற்குத் தனியாக நிற்கும் தெம்பு இல்லை. நடுநரம்போடு சேர்த்து 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, பிளந்த நெட்டிக்குள் அல்லது கேரட் துண்டுக்குள் வைத்து, இரண்டையும் சேர்த்துச் சீவுங்கள். கேரட்டின் ஆரஞ்சு நிறச் செல்கள் சீவலோடு வரும், பார்த்தவுடன் அடையாளம் தெரிவதால் தொல்லை இல்லை. உருளைக்கிழங்கை நான் பயன்படுத்துவதில்லை. அதன் ஸ்டார்ச் மணிகள் சிதறி இலையின் மேல் ஒட்டிக்கொள்ளும், அயோடின் சோதனை செய்தால் எது இலையுடையது, எது கிழங்குடையது என்று பிரிக்கவே முடியாது. மிக மெல்லிய இலையானால் இறுக்கமாகச் சுருட்டி, தண்டு போலப் பிடித்து வெட்டலாம்.

அடுத்தது கருப்புத் திட்டுகள். அவை பெரும்பாலும் காற்று. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, காற்றுக்கு 1. செல்களுக்கு இடையே சிக்கிய காற்றின் விளிம்பில் ஒளி திசை மாறிச் சிதறி, லென்ஸுக்குள் வராமலே போகிறது. அதனால் அந்த இடம் கருப்பாகத் தெரிகிறது. அரளி இலையில் இது இன்னும் அதிகம். அதன் அடிப்பக்கத்தில் குழிகள் இருக்கும், குழிக்குள் ரோமங்களும் இலைத்துளைகளும் இருக்கும். அந்த ரோமங்கள் காற்றை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அரளிச் செக்‌ஷனில் பார்க்க வேண்டியதே அந்தக் குழிகளும் பல அடுக்குப் புறத்தோலும்தான் என்பதால் காற்றை வெளியேற்றாமல் பார்ப்பதில் பயனில்லை. எளிய வழி: ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரோடு சீவல்களைப் போட்டு, உள்ளிருக்கும் காற்றை மேலே தள்ளி வெளியேற்றுங்கள். முனையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைப் பின்னால் இழுங்கள். சீவல்களிலிருந்து முத்து முத்தாகக் குமிழிகள் வரும். விட்டால் தண்ணீர் அந்த இடத்தில் புகும். மூன்று நான்கு முறை செய்தால் மிதந்துகொண்டிருந்தவை அடியில் மூழ்கிவிடும். சிரிஞ்ச் இல்லையென்றால் 70 சதவீத ஆல்கஹாலில் ஒரு நிமிடம் வைத்துவிட்டுத் தண்ணீருக்கு மாற்றுங்கள், பாதியாவது குறையும். அரளியின் சாறு நச்சு. வேலை முடிந்ததும் பிளேடையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

சுவர்களின் அமைப்பு மட்டும் போதும், உள்ளே இருக்கும் பச்சையம் தேவையில்லை என்றால் நீர்த்த பிளீச்சிங் திரவத்தில், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டில், சில நிமிடங்கள் வைத்தால் செல்லுக்குள் இருப்பதெல்லாம் கரைந்து சுவர்கள் வெள்ளை வலை போல மிஞ்சும். தண்ணீரை நான்கைந்து முறை மாற்றிக் கழுவ வேண்டும். மிச்சம் இருந்தால் சாயத்தையும் அது வெளுத்துவிடும். இன்னொன்றையும் உறுதியாகச் சொல்கிறேன்: பிளீச்சிங் திரவத்தோடு எந்த அமிலமும் சேரக் கூடாது, குளோரின் வாயு வரும்.

சாயத்தில் உங்கள் சிக்கல் இதுதான். சாஃப்ரனின் சாயம், சுவரைக் கெட்டியாக்கும் லிக்னினோ நீர் புகாமல் தடுக்கும் கியூட்டின், சூபெரினோ ஏறிய சுவர்களை விடாமல் பிடித்துக்கொள்ளும். செல்லுலோஸ் சுவர்களிலும் ஏறும், ஆனால் தளர்வாக. இரண்டையும் பிரித்துக் காட்டுவது சாயம் போடுவதில் இல்லை, கழுவுவதில் இருக்கிறது. ஒரு சதவீத சாஃப்ரனினில் இரண்டு மூன்று நிமிடம் வைத்த பிறகு தண்ணீரில் அலசி, 50 சதவீத ஆல்கஹாலில் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டே இறக்குங்கள். கார்டெக்ஸ் வெளிறி, நீர் கடத்தும் சைலமும் கெட்டிச் சுவருள்ள ஸ்கிளீரன்கைமாவும் மட்டும் சிவப்பாக நிற்கும் நேரத்தில் எடுத்துவிட வேண்டும். தடித்த சீவலில் இது எவ்வளவு முயன்றாலும் வராது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் டொலுயிடின் ப்ளூவை எடுப்பேன். 0.05 சதவீதக் கரைசல், பி.எச். 4.4 அளவில் இருந்தால் நல்லது. அரை நிமிடம், அப்புறம் தண்ணீர், வேலை முடிந்தது. ஒரே சாயம் பல நிறங்களைக் கொடுக்கும்: பெக்டின் நிறைந்த மெல்லிய சுவர்கள் இளஞ்சிவப்பு கலந்த ஊதா, லிக்னின் ஏறிய சுவர்கள் நீலம் அல்லது பச்சை கலந்த நீலம். 1964-ல் ஓ'பிரையன், ஃபெடர், மெக்கல்லி மூவரும் இதைத் தாவரத் திசுவுக்கு விவரமாக எழுதிய பிறகு பரவலானது. முதன்முதலில் ஒரு ஆமணக்குக் கற்றையை இந்தச் சாயத்தில் பார்த்தபோது, நீலச் சைலத்துக்கும் உணவு கடத்தும் ஊதாப் புளோயத்துக்கும் நடுவில், புதுச் செல்களை உண்டாக்கும் கேம்பியம் செங்கல் அடுக்கியது போல ஓடியதை நான் இன்னும் மறக்கவில்லை.

லிக்னினை மட்டும் உறுதிசெய்ய ஃபுளோரோகுளூசினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். செர்ரிப் பழச் சிவப்பு வரும், ஆனால் நிலைக்காது, உடனே படம் எடுத்துவிடுங்கள். அமில ஆவி லென்ஸைக் கெடுக்கும் என்பதால் கவர் ஸ்லிப் இல்லாமல் மேடையில் வைக்கக் கூடாது. ஸ்டார்ச்சுக்கு அயோடின், புறத்தோலின் மேலுள்ள மெழுகுப் படலமான கியூட்டிகிளுக்கும் எண்ணெய்க்கும் சூடான் என்ற சாயம். ஒரே சீவலில் எல்லாவற்றையும் போடாமல் நான்கு சீவல்களில் நான்கு சாயம் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சாயம் போட்டதை 30 முதல் 50 சதவீத கிளிசரினில் ஏற்றினால் காயாமல் பல மணி நேரம் நிற்கும். சாயம் போடாததைத் தண்ணீரிலேயே பாருங்கள். தூய கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.47, செல் சுவருக்கு நெருக்கமானது, அதனால் நிறமில்லாத சுவர்கள் அதில் மங்கிவிடும். கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பை முதலில் துளியில் தொட வைத்து, ஊசியால் தாங்கி மெதுவாக இறக்குங்கள். மேடைக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் டயஃப்ரத்தை, அதாவது ஒளித்துளையை, முழுக்கத் திறந்து வைத்துப் பார்ப்பவர்கள் அதிகம். கொஞ்சம் மூடிப் பாருங்கள், சுவர்கள் எழுந்து நிற்கும். அதிகம் மூடினால் இரட்டைக் கோடுகள் வந்துவிடும்.

இனி மெழுகு. நுனி ஆக்குத்திசு, பூமொட்டு, சூல், மகரந்தப்பை, கரு போன்றவற்றில் சுவர்கள் மிக மெல்லியவை, கையால் வெட்டினால் பாகங்கள் சிதறிவிடும். தொடர்ச்சியாக ஒன்றன்பின் ஒன்றாகச் சீவல்கள் வேண்டுமென்றாலும் கை உதவாது. இந்த இடங்களில் தண்ணீர் கொடுத்த தாங்கலை எடுத்துவிட்டு அதே இடத்தில் பாரஃபின் மெழுகை வைக்கிறோம். முழு முறையும் இந்த இடமாற்றம்தான். தண்ணீரும் மெழுகும் கலக்காது என்பதால் நடுவில் ஆல்கஹாலும் சைலீன் என்ற கரைப்பானும் வருகின்றன.

முதலில் திசுவைக் கெடாமல் நிலைப்படுத்த வேண்டும். எஃப்.ஏ.ஏ. கரைசல்: ஃபார்மலின் 5 பங்கு, அசெட்டிக் அமிலம் 5 பங்கு, 50 அல்லது 70 சதவீத ஆல்கஹால் 90 பங்கு. ஆல்கஹால் திசுவைச் சுருக்கும், அசெட்டிக் அமிலம் உப்ப வைக்கும், ஒன்றை ஒன்று சமன் செய்யும். துண்டுகள் சில மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கரைசல் திசுவைப் போல இருபது மடங்காவது இருக்கட்டும். இங்கேயும் காற்றை வெளியேற்றுவது அவசியம். மிதக்கும் துண்டுக்குள் நடுப்பகுதிவரை எதுவும் போய்ச் சேராது. 24 முதல் 48 மணி நேரம் வைக்கலாம். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, சைலீன் ஆவியும் உடலுக்குக் கெடுதல். நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட் இல்லாத அறையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

பிறகு ஆல்கஹாலை 50, 70, 85, 95, 100 என்று ஏற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரமாவது வைத்து, கடைசி 100-ஐ இரண்டு முறை மாற்றி, அதிலிருந்து படிப்படியாகச் சைலீனுக்குப் போக வேண்டும். அப்புறம் மெழுகுத் துருவல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, 60 டிகிரி அடுப்பில் ஒன்றிரண்டு நாள் வைத்து, புது மெழுகு இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். இங்கே அவசரப்பட்டு நான் ஒரு தொகுதியையே இழந்திருக்கிறேன். ஒரு வாரம் காத்திருந்து சேகரித்த பூமொட்டுகள். கடைசி ஆல்கஹாலை ஒரே முறை, அதுவும் அரை மணி நேரம் வைத்துவிட்டுச் சைலீனுக்கு மாற்றினேன். சைலீன் லேசாகப் பால் போலக் கலங்கியது. தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். உடனே 100 சதவீத ஆல்கஹாலுக்குத் திரும்பியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். நான் தொடர்ந்தேன். ஒவ்வொரு சீவலிலும் மொட்டின் ஓரம் அழகாக வந்தது, சூலகம் இருக்க வேண்டிய நடுப்பகுதியில் ஓட்டை.

திசுவோடு உறைந்த மெழுகுக் கட்டியை, அதாவது பிளாக்கை, மைக்ரோடோமில் வெட்டுவதற்காகச் செதுக்கும்போது மேல், கீழ் விளிம்புகள் இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வரும் ரிப்பன் வளைந்துகொண்டே போகும். 8 முதல் 12 மைக்ரான் போதும். ரிப்பனில் நீளவாக்கில் ஒரே இடத்தில் கீறல் ஓடினால் கத்தியின் அந்த இடத்தில் பல் விழுந்திருக்கிறது, கத்தியை நகர்த்துங்கள். சீவல்கள் குறுகிச் சுருக்கம் விழுந்தால் மெழுகு இளகியிருக்கிறது அல்லது கத்தி மழுங்கியிருக்கிறது, பிளாக்கைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிர வைத்துப் பாருங்கள். ரிப்பனை 40 முதல் 45 டிகிரி தண்ணீரில் மிதக்க விட்டால் சுருக்கம் விரிந்துவிடும். ஜெலட்டின் பூசிய ஸ்லைடில் ஏந்தி, ஓர் இரவு காய வைத்து, சைலீனில் மெழுகைக் கரைத்து, ஆல்கஹால் வரிசையில் இறங்கிச் சாயம் போடலாம். சாஃப்ரனினும் ஃபாஸ்ட் கிரீனும் சேர்ந்த இணைதான் இதற்கு நெடுநாளாக எல்லாரும் போடுவது.

கட்டை மரத்துக்கு மெழுகு தேவையில்லை. மூழ்கும் வரை தண்ணீரில் கொதிக்க வைத்து, ஸ்லெட்ஜ் மைக்ரோடோமில் 15 முதல் 20 மைக்ரானுக்கு வெட்டுகிறார்கள். கிளைகால் மெத்தகிரிலேட் பிசினில் பதித்தால் கண்ணாடிக் கத்தியால் 1 முதல் 3 மைக்ரான் வரை இறங்கலாம். ஆனால் உங்கள் ஆமணக்குக்கும் அரளிக்கும் இதெல்லாம் வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. குப்பிகளிலும் ஸ்லைடுகளிலும் பெயர், பாகம், தேதி, சாயம் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். குப்பிக்குள் போடும் சீட்டும் பென்சிலில்தான். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும், இரண்டு வாரம் கழித்து ஒரே மாதிரி இருக்கும் ஆறு குப்பிகளில் எது எந்தக் கணுவிடை என்று சொல்ல முடியாமல் நிற்பீர்கள்.